நண்டும் பேரும் கூலியும்

மேரி ஜேன் ராத்பன் என்று ஒரு அம்மா இருந்தார். அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் 1860இல் பிறந்தவர். 1943இல் வாஷிங்டனில் இறந்துபோனார். ஆள் நாலரை அடி உயரம்தான். பள்ளிப் படிப்போடு சரி, மாணவியாகக் காலேஜில் உட்கார்ந்ததில்லை. ஆனால் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஐம்பது வருசத்துக்கு மேல் உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்தார். பெரிய நண்டு, நகத்தளவு நண்டு, சிப்பிக்குள் குடியிருக்கிற பட்டாணி அளவு நண்டு என்று ஒன்றையும் விடவில்லை. அறிவியலுக்கு அதுவரை தெரியாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை முதன்முதலில் விவரித்துப் பேர் வைத்தவர் அவர். நூற்றைம்பதுக்கு மேல் கட்டுரைகளும் நூல்களும் எழுதியிருக்கிறார்.

எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு இந்த அம்மாவைப் பற்றி எழுத என்ன வந்தது, அதுவும் தலித் இதழில், என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நண்டு என்பதால் எழுதுகிறேன். அவருக்கு நண்டு ஆயுசு பூராவுக்குமான படிப்பு. எங்களுக்கு அது சோறு. எங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கோ எங்களை ஏசுகிற வார்த்தை. "நண்டு நத்தை திங்கிற சாதி" என்று சொன்னால் போதும், எந்தத் தெரு என்று எங்கள் ஊரில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஒரே ஜீவன் ஓரிடத்தில் அறிவாகவும் இன்னோரிடத்தில் அசிங்கமாகவும் ஆனது எப்படி? நண்டைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. நண்டைத் தொட்ட கை யாருடையது என்று பார்த்தால்தான் கிடைக்கும்.

முதலில் அந்த அம்மாவின் கதையை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வயசுப் பிள்ளையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். குடும்பத்துக்குக் கல் குவாரி இருந்தது. குவாரிக் கல்லுக்குள் படிந்து கிடந்த பழங்காலத்து உயிர்களின் அச்சைப் பார்த்துத்தான் அவருடைய அண்ணன் ரிச்சர்டுக்கு விலங்கியலில் ஆசை வந்தது. எங்கள் பக்கமும் குவாரி உண்டு. எங்கள் ஆட்கள் கல் உடைக்கிறார்கள். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்க, குவாரி சொந்தமாக இருக்க வேண்டும். உடைக்கிறவனுக்கு எத்தனை யூனிட் ஏறியது என்பதுதான் கணக்கு.

1881 கோடையில் அண்ணனோடு வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊருக்குப் போனார் மேரி. அப்போதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். அண்ணன் அமெரிக்க மீன்வள ஆணையத்தில் வேலை பார்த்தார். அதன் தலைவர் ஸ்பென்சர் பெயர்ட். ஸ்மித்சோனியனுக்கும் அவர்தான் செயலாளர். கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிற உயிர்களைப் பிரித்து அடுக்க அண்ணனுக்குத் தங்கச்சி கூடமாட நின்றார். சம்பளம் கிடையாது. அந்தப் பெண்ணின் கைவேலையைப் பார்த்த பெயர்ட், 1884இல் கிளார்க் வேலை போட்டுக் கொடுத்தார். 1886இல் அருங்காட்சியகத்துக்கு மாற்றம். அங்கே அவருடைய பதவி, பிரதி எடுப்பவர். பேருக்கு அண்ணன்தான் அந்தப் பிரிவின் பொறுப்பாளர். அவருக்கு மீன்வளத் துறையில் தலைக்கு மேல் வேலை. ஜாடிகளை அடுக்கி, பதிவேடு எழுதி, பிரிவை நடத்தியதெல்லாம் பிரதி எடுக்க வந்த தங்கச்சிதான். உதவிக் கண்காணிப்பாளர் என்ற பதவி வர 1907 ஆனது. வேலையைப் பெண் செய்வாள், நாற்காலி ஆணுக்கு. இது எல்லா ஊரிலும் இருக்கிற கதைதான்.

அருங்காட்சியக விலங்கியல் வேலை என்றால் என்ன? கப்பலிலிருந்தும் கடற்கரைகளிலிருந்தும் சாராயத்தில் ஊறிய உயிர்கள் ஜாடி ஜாடியாக வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, ஓட்டின் அகலம், முன்பக்கப் பல் எத்தனை, கொடுக்கின் வடிவம், வயிற்று மடிப்பின் அமைப்பு எல்லாம் குறிக்க வேண்டும். உலகத்தில் அதுவரை எழுதப்பட்ட விவரங்களோடு ஒப்பிட வேண்டும். இதுவரை எவரும் எழுதாத வகை என்று உறுதியானால் புதுப்பேர் வைக்கலாம். எந்த உடம்பைப் பார்த்து அந்தப் பேர் வைக்கப்பட்டதோ அந்த உடம்பே சாட்சி. அதை மூலமாதிரி என்று பத்திரப்படுத்துவார்கள். நூறு வருசம் கழித்து ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அந்த ஜாடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஜாடிக்குள் ஒரு சீட்டு இருக்கும். எந்த இடம், எந்தத் தேதி, யார் பிடித்தது, யார் அடையாளம் கண்டது என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லாத நண்டுக்கு மதிப்பு இல்லை. அது வெறும் ஓடுதான்.

பேர் விசயத்தில் ராத்பன் கறார் பேர்வழி. முதலில் முறைப்படி வைத்த பேர்தான் நிற்க வேண்டும் என்ற விதியை விட்டுக்கொடுக்காதவர். அமெரிக்கக் கிழக்குக் கரையில் நீலக் கொடுக்கோடு ஒரு நண்டு உண்டு. சந்தையில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. அதற்கு அதுவரை வழங்கிவந்த பேர் விதிப்படி செல்லாது என்று கண்டு, 1896இல் ராத்பன் காலினெக்டஸ் சாபிடஸ் என்று பேர் வைத்தார். காலினெக்டஸ் என்றால் அழகாக நீந்துவது. அது முன்பே இருந்த பேரினப் பேர். சாபிடஸ் என்றால் ருசியானது. அது அவர் சேர்த்தது. ஒரு நண்டை ருசியானது என்று அறிவியல் பேரிலேயே எழுதி வைத்த மனுசி. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வார்த்தைக்காகவே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. நண்டு ருசி என்று அவர் சொன்னால் லத்தீன். எங்கள் ஆயா சொன்னால் ஈனம்.

அந்த நீல நண்டின் கதை ஆய்வுக் கட்டுரையோடு முடியவில்லை. மேரிலாந்து கரையோரத்தில் வேகவைத்த நண்டிலிருந்து சதையை எடுத்து டப்பாவில் அடைக்கிற கம்பெனிகள் வந்தன. சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டை உடைத்துச் சதை எடுத்த கைகளில் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் கைகள். எடுத்த அளவுக்குத்தான் கூலி. 1938இல் கிரிஸ்ஃபீல்ட் என்ற ஊரில் கூலிக் குறைப்பை எதிர்த்து அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நண்டின் உடம்பில் எந்த அறைக்குள் எவ்வளவு சதை, கத்தியை எந்தக் கோணத்தில் விட்டால் உடையாமல் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். அதுவும் உடற்கூற்றியல்தான். ஆனால் அந்தப் படிப்புக்கு ஜாடியும் இல்லை, சீட்டும் இல்லை.

இனி 1914க்கு வருகிறேன். ராத்பனின் வாழ்க்கையை எழுதுகிற எல்லோரும் நின்று வணங்கிவிட்டுப் போகிற இடம் அது. பிரிவில் வேலை மலைபோலக் குவிந்துவிட்டது. இன்னொரு ஆளைப் போடப் பணம் இல்லை என்றது நிர்வாகம். அந்த அம்மா தன் வேலையை ராஜினாமா செய்தார். என் சம்பளத்தை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுங்கள் என்று விட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே மேசைக்கு வந்து வேலை பார்த்தார். அந்தப் பணத்தில் வந்த வால்டோ ஷ்மிட் பின்னாளில் பெரிய விலங்கியலாளர் ஆனார். ராத்பன் அதற்கப்புறம் கால் நூற்றாண்டு சம்பளம் இல்லாமல் உழைத்தார். அவருடைய பெரிய நூல்கள் நான்கும், அமெரிக்கக் கண்டத்து நண்டுகளைக் குடும்பம் குடும்பமாக விவரிப்பவை, 1918, 1925, 1930, 1937 ஆண்டுகளில் வந்தன. நான்கும் சம்பளம் வாங்காத காலத்து உழைப்பு. 1917இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் கொடுத்தது. சாகும்போது பத்தாயிரம் டாலரை அந்த அருங்காட்சியகத்துக்கே, நண்டு இறால் ஆராய்ச்சிக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பெரிய மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் நம்மால் வெறுமனே கும்பிட்டுவிட்டு நகர முடியாது. சம்பளத்தை விட்டுக்கொடுக்க, விட்டாலும் அடுப்பு எரிய வேண்டும். அதே அருங்காட்சியகத்தில் ஹாரியட் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணும் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டது இன்னும் சின்ன உயிர்கள். ஈரக் கல்லைப் புரட்டினால் சிதறி ஓடுமே, சில தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே, அந்த இனம். மீனின் வாய்க்குள்ளும் செவுளுக்குள்ளும் பேன் மாதிரி ஒட்டிக்கொண்டு வாழ்வதும் அதே இனம்தான். பூச்சி என்று நினைப்போம், உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். 1903இல் முனைவர் பட்டம் வாங்கி, 1905இல் வட அமெரிக்காவில் இருக்கிற அந்த இனம் முழுவதையும் பற்றி எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு நூல் எழுதினார். இன்றும் அந்தத் துறைக்காரர்கள் புரட்டுகிற நூல் அது. ஆனால் அருங்காட்சியகத்தில் அவர் சம்பளம் இல்லாத ஒத்துழைப்பாளர். 1913இல் கல்யாணம் ஆனது. உடல்நலம் குன்றிய ஒரு மகனை வளர்க்க வேண்டியிருந்தது. எழுத்து குறைந்துபோனது. அறிவியலுக்குப் பெண்ணின் மூளை வேண்டியிருந்தது. அந்த மூளைக்குக் கூலி கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

வெள்ளைக்காரப் பெண்களுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களுக்கு? அதே கட்டடத்தில் சாலமன் பிரவுன் இருந்தார். 1829இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினத்தவர். 1852இல் ஸ்மித்சோனியனில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1906வரை ஐம்பத்து நான்கு வருசம் உழைத்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து இறங்கிய பெட்டிகளைப் பதிவு செய்வதும், பத்திரப்படுத்துவதும், அனுப்பி வைப்பதும் அவர் பொறுப்பு. கோடைகாலத்தில் பெயர்ட் வுட்ஸ் ஹோலுக்குப் போய்விட்டால், வாஷிங்டனில் நடப்பதையெல்லாம் கடிதம் எழுதித் தெரிவித்தவர் பிரவுன். அதாவது மேரி ராத்பன் கடற்கரையில் நண்டு பிரித்த அதே கோடைகளில், பிரவுன் தலைநகரத்தில் அருங்காட்சியகத்தைக் கட்டிக் காத்தார். அவரும் காலேஜ் படிக்காதவர்தான். ஆனால் தானே கற்றார். பூச்சிகளின் கூட்டு வாழ்க்கையைப் பற்றி 1855இலேயே தன் மக்களிடம் படம் போட்டுச் சொற்பொழிவு செய்தார். கவிதை எழுதினார். 1871இல் வாஷிங்டன் மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளர் நாற்காலி அவருக்கு வரவே இல்லை.

படிக்காத இருவர், ஒரே எசமான், ஒரே ஜாடிகள். ஒருத்தர் கிளார்க்காக நுழைந்து விலங்கியலாளர் ஆனார். இன்னொருத்தர் எடுபிடி வேலையில் நுழைந்து கிளார்க்கோடு நின்றார். ராத்பனின் உழைப்பைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. கதவு அவருக்கும் ஒருச்சாய்த்துத்தான் திறந்திருந்தது. ஆனால் திறந்திருந்தது. அண்ணன் உள்ளே இருந்தார்.

நமக்கு உள்ளே யார் இருந்தார்கள்? ராத்பன் சம்பளத்தை விட்ட அதே 1914இல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார், பரோடா மன்னரின் உதவித்தொகையில். படித்துத் திரும்பி 1917இல் பரோடாவில் வேலைக்குப் போனால், தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. அத்தனை படித்தவர் வேலையை விட்டுவிட்டு வெளியேறினார். ராத்பன் சம்பளத்தை விட்டது விருப்பத்தால். அம்பேத்கர் விட்டது விரட்டப்பட்டதால். தியாகம் என்ற சொல்லைப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கும் ஒரு வருசம் விலங்கியல் வாய்த்தது. பி.எஸ்ஸி. முதல் வருசம். காலேஜ் பேர் வேண்டாம், எந்தக் காலேஜானாலும் நடப்பதுதான். செய்முறை வகுப்பில் இறாலின் உறுப்புகளைக் கழற்றி அட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். மொத்தம் பத்தொன்பது ஜோடி. உணர்கொம்பு, தாடை, நடக்கிற கால், நீந்துகிற கால் என்று ஒவ்வொன்றும் முறியாமல் வேரோடு வர வேண்டும். மற்றவர்கள் திணறிக்கொண்டிருந்தபோது நான் பத்தொன்பதையும் ஒட்டி முடித்துவிட்டேன். ஆசிரியர் வந்து பார்த்தார். "உங்க ஆளுங்களுக்கு எறா உரிக்கச் சொல்லித் தரணுமா என்ன?" என்றார். வகுப்பு சிரித்தது. அந்த அட்டை என்னமோ வகுப்பிலேயே சுத்தமான அட்டைதான். அதற்குக் கிடைத்தது மார்க் இல்லை, சாதி.

ரெக்கார்டு நோட்டு, கத்தி கத்திரிப் பெட்டி, வெள்ளைக் கோட்டு என்று அப்பாவுக்கு மாசம் ஒரு செலவு. நடவு இல்லாத மாசத்தில் கேட்க எனக்கு வாய் வராது. மறு வருசம் தமிழுக்கு மாறினேன். தமிழில் பெட்டி வாங்க வேண்டாம், நூலகம் போதும். தமிழ் எனக்குக் குரலைக் கொடுத்தது, அதில் குறை இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்பதைக் கத்திப் பெட்டியின் விலை முடிவு செய்கிறது என்பதையும் ஒருவர் எழுதித்தானே ஆக வேண்டும்?

எனக்கு இறால் உறுப்பு முறியாமல் வந்தது ரத்தத்தால் அல்ல, பழக்கத்தால். எங்கள் ஆயாவோடு வரப்பு வரப்பாக நண்டு பிடித்தவள் நான். எந்த வளையில் ஆள் இருக்கு, எதில் இல்லை என்று வாசல் சேற்றைப் பார்த்தே சொல்லும். கையை விடுவதற்கு முன் பாம்பு வளையா என்று பார்க்கும். நண்டைப் புரட்டி வயிற்று மடிப்பைக் காட்டி, "குறுகலா இருந்தா ஆணு, அகலமா இருந்தா பொட்டை" என்று சொல்லித் தந்தது அதுதான். அகல மடிப்புக்குள் குஞ்சுகள் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தால், "தாயை உட்டுடுடி, அடுத்த வருசத்துச் சோறு அது" என்று சொல்லித் திரும்ப வளையிலேயே விடும்.

ராத்பன் 1904 முதல் 1906 வரை பாரிஸ் அருங்காட்சியகத்துக்காக உலகத்து நன்னீர் நண்டுகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஆசிய நண்டுகளும் அதில் உண்டு. எங்கள் வயல் நண்டும் நன்னீர் நண்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கடல் நண்டின் முட்டையிலிருந்து வருவது நண்டு மாதிரியே இருக்காது. மிதந்து திரிந்து உருமாறித்தான் அது நண்டாகும். நன்னீர் நண்டின் முட்டையிலிருந்து நேராகக் குட்டி நண்டே வரும், தாய் அதை மடிப்பில் வைத்துச் சுமக்கும். புத்தகத்தில் இதைப் படித்தபோது எனக்குப் புதுசாக இல்லை. ஆயா காட்டியதுதான். ஜாடியில் செத்துக் கிடந்ததை ராத்பன் பார்த்தார். உயிரோடு இருந்ததை ஆயா பார்த்தது. இரண்டும் அறிவுதான். ஒன்றுக்குப் பதிவேடு இருந்தது.

ஊர்த் தெருவில் ஒரு பழமொழி சொல்வார்கள்: நண்டு கொழுத்தால் வளையில் தங்காது. எங்கள் பையன் ஒருத்தன் புதுச் சட்டை போட்டால், பைக் வாங்கினால், கோயில் வாசலில் நின்றால் உடனே இதைத்தான் சொல்வார்கள். சொன்னவன் நண்டைப் பார்த்ததில்லை. நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றினதும் உடம்பு மெத்தென்று இருக்கும், எது வேண்டுமானாலும் கொத்தித் தின்னும். புது ஓடு இறுகும்வரை அது வளைக்குள்தான் பத்திரமாக இருக்கும். வளர்கிற நண்டுக்குத்தான் வளை ரொம்பத் தேவை. எங்கள் ஆயாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். எங்களை ஏசுவதற்கு எங்கள் நண்டையே எடுத்துக்கொண்டவர்கள், அதைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளக்கூட மெனக்கெடவில்லை.

ராத்பனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது தியாகத்தை அல்ல. சம்பளம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. எங்களுக்குக் கூலியும் வேண்டும், உதவித்தொகை மாசாமாசம் வரவும் வேண்டும், ஆய்வகத்தில் இடமும் வேண்டும். நான் எடுத்துக்கொள்வது அந்த ஜாடிக்குள் கிடக்கும் சீட்டை. எங்கே, எப்போது, யார் என்று எழுதாமல் எதையும் உள்ளே வைக்காத அந்தப் பிடிவாதத்தை. நம் பெண்களின் அறிவு "நாட்டுப்புறத்தார் நம்பிக்கை" என்று மொத்தமாக, பேர் இல்லாமல், யாரோ ஒருவருடைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போய்ச் சேர்கிறது. சொன்ன கிழவியின் பேர் எங்கே?

எங்கள் காலனியில் சாயங்காலப் பள்ளி நடத்துகிறோம். போன ஐப்பசியில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் நண்டைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், சொன்னவர் பேர், இடம், தேதி கட்டாயம் என்றேன். நாற்பத்து மூன்று தாள் வந்தது. மருந்தடித்த வயலில் நண்டு குறைந்துபோனதை எட்டுப் பேர் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், எந்த வயல், எந்த வருசம் என்பதோடு. ஒரு பெண்பிள்ளை, ஏழாவது படிக்கிறது, ஆணையும் பெண்ணையும் படம் வரைந்து மடிப்பை அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது. கீழே தன் ஆயா பேரைப் போட்டுவிட்டு, "இவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதனால ரேகை" என்று எழுதி, பக்கத்தில் பெருவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தது. அந்தத் தாள்களை ஒரு தகரப் பெட்டியில் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து திறந்து பார்த்துக்கொள்ளலாம்.